தூண்டில் போட்டிக்குப் படகு: காவிரி டெல்டாவில் தேடும் முறையும் நீரில் கடைப்பிடிக்க வேண்டிய விதிகளும்

காவிரி டெல்டாவில் எல்லா நீருக்கும் பொருந்தும் படகு என்று ஒன்று கிடையாது. கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று பிரியும் நீர், அதற்குக் கீழே அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று மேலும் கிளைத்து, வெவ்வேறு தன்மையுள்ள முகத்துவாரங்கள் வழியாகக் கடலைச் சேர்கிறது. பழையாறு முதல் பூம்புகார், தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி வரை வங்காள விரிகுடாவின் அலை நேராகக் கரையில் வந்து அடிக்கும். கோடியக்கரையில் கரை மேற்கே திரும்பிவிடுவதால், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் அலை அடங்கி, ஆழம் குறைந்து, அடியில் சேறு படிந்திருக்கும். ஆகவே தூண்டில் மீன்பிடிப் போட்டியில் பெயர் கொடுத்தவுடன் அமைப்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, போட்டி எந்த நீரில், எந்த எல்லைக்குள் நடக்கிறது என்பதுதான். அந்த எல்லையைத் தாளில் வரைந்து வாங்கிக்கொண்ட பிறகே படகு தேடப் புறப்பட வேண்டும்.

ஆற்றிலும் கால்வாயிலும் விராலும் கெண்டையும் வாளையும் தேடுகிறவருக்குத் தட்டையான அடிப்பகுதி கொண்ட சிறு படகோ, துடுப்பால் தள்ளும் தோணியோ போதும். பரிசல் கிடைத்தாலும், நின்றுகொண்டு தூண்டில் வீசுவதற்கு அது ஏற்றதன்று. ஒருவர் எழுந்தாலே சுழலும். முத்துப்பேட்டை போன்ற ஆழமற்ற காயலில் கொடுவாவையும் மடவையையும் நாடுவோருக்கு, எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கழி ஊன்றித் தள்ளக்கூடிய நீளமான படகு வேண்டும். நாகை, மயிலாடுதுறை மாவட்டக் கரைகளில் அலையைத் தாண்டி வஞ்சிரமும் பாரையும் சீலாவும் பிடிக்கச் செல்வதற்கு, 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டுமரங்களின் இடத்தைப் பெருமளவில் பிடித்துக்கொண்ட ஃபைபர் படகே சரியானது. விசைப்படகைத் தூண்டில் போட்டிக்கு அமர்த்துவதை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் பக்கச் சுவர் உயரமானது, மீனைக் கைவலையால் ஏந்துவது கடினம். மேலும் தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கரையை ஒட்டிய நீர் நாட்டுப்படகு மீனவர்களுக்கு உரியது என்பதால், போட்டி நடக்கும் கரையோர நீரில் விசைப்படகு மீன்பிடிக்கவே முடியாது.

காலத்தையும் பார்க்க வேண்டும். மேட்டூர் அணையில் நீர் இருப்பு போதுமான ஆண்டுகளில் ஜூன் 12 அன்று திறப்பதும் ஜனவரி 28 அன்று மூடுவதும் மரபு. மூடியபின் ஆறுகள் மடுக்களாகச் சுருங்கிவிடும்; அங்கே கரையிலிருந்து தூண்டில் போடலாம், படகுக்கு வேலையில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும் காலம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது கரையில் இழுத்து வைத்திருந்த படகுகளே நொறுங்கின என்பதை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. ஆகவே ஆற்றில் நடத்தும் போட்டிக்குத் தை மாதத்தின் முதல் பாதியும், கடலில் நடத்தும் போட்டிக்கு மாசியும் பங்குனியும் பொருத்தமானவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அந்த நாட்களில் நாட்டுப்படகுகள் தொழிலுக்குப் போகும், மீன் விலையும் ஏறும். நல்ல ஃபைபர் படகுக்காரர் தம் தொழிலை விட்டுவிட்டுப் போட்டிக்கு வருவது அப்போது கடினம். தடைக்காலத்தில் படகு எளிதாகக் கிடைக்கும் என்று நம்பிக் கடைசி வாரத்தில் தேடுவோர் ஏமாறுவதற்கு இதுவே காரணம்.

படகுக்கு முன் படகுக்காரர்

படகு தேடுவது என்பது உண்மையில் படகுக்காரரைத் தேடுவதுதான். அழகான புதுப்படகும் அந்த நீரை அறியாத ஓட்டுநரும் சேர்ந்தால் போட்டி நாள் வீணாகும், சில வேளை உயிருக்கும் ஆபத்தாகும். பழைய படகாக இருந்தாலும், எந்த இடத்தில் மணல் திட்டு இந்த மழைக்குப் பின் நகர்ந்திருக்கிறது, எந்தக் காற்றில் எந்தப் பக்கம் திரும்ப முடியாது என்று அறிந்தவர் ஓட்டினால், நீங்கள் மீனில் மனம் வைக்கலாம்.

கடற்கரை ஊர்களில் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியவர்கள் ஊர்ப் பஞ்சாயத்தார். எந்தப் படகு என்று தொழிலுக்குப் போகிறது, எந்த நாளில் கோயில் திருவிழாவுக்காகவோ ஊரில் நேர்ந்த இறப்புக்காகவோ கடலுக்குப் போவதில்லை என்பதையெல்லாம் அவர்களே அறிவர். அவர்களைக் கேட்காமல் ஒரு வீட்டில் மட்டும் பேசி முடித்துக்கொள்வது முறையன்று. ஆற்றுப் பகுதியிலோ நிலைமை வேறு. ஏரி, குளம், ஆற்றுப் பகுதிகளின் மீன்பிடி உரிமை பல இடங்களில் ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகைதாரரின் ஒப்புதல் இல்லாமல் அங்கே தூண்டில் போட்டால், பிடித்துத் திரும்ப விட்டாலும் அது தகராறில் முடியும். அந்த ஒப்புதலை அமைப்பாளர் எழுத்தில் பெற்றிருக்கிறாரா என்று கேட்டு, ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூலி பேசும்போது நேர்மை வேண்டும். ஃபைபர் படகில் பிடிபாட்டின் மதிப்பு படகுக்கு, எஞ்சினுக்கு, வலைக்கு, உழைப்புக்கு என்று பங்காகப் பிரிவது வழக்கம். போட்டிக்கு ஒரு நாள் படகை அமர்த்தினால், அந்தப் பங்குகளை நம்பியிருக்கும் எல்லோருக்கும் அன்று தொழில் போகிறது. எனவே அந்தப் பருவத்தில் ஒரு நல்ல நாளின் வருமானம், ஓட்டுநரின் கூலி, உதவியாளரின் கூலி, எரிபொருள் என நான்கையும் தனித்தனியாகப் பேசி எழுதிக்கொள்வதே சரி. எரிபொருளை நீங்களே பெட்ரோல் பங்கில் வாங்கிக் கொடுங்கள். மீனவர்களுக்கு அரசு வரிவிலக்கோடு தரும் டீசல் மீன்பிடித் தொழிலுக்கு உரியது. அதைப் போட்டிக்குக் கேட்பது படகுக்காரரைச் சிக்கலில் மாட்டிவிடும். வானிலையால் போட்டி நின்றுபோனால் எவ்வளவு தர வேண்டும் என்பதையும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். இந்த ஒரு பேச்சு நடக்காததால்தான் போட்டி முடிந்த மாலைகளில் மனக்கசப்பு வருகிறது.

பேசும்போது ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டுப் பாருங்கள்: “அண்ணே, காத்து கூடுனா எந்த இடத்துல திரும்பிடுவீங்க?” நல்ல படகுக்காரர் இடத்தின் பெயரைச் சொல்வார், எந்தக் காற்று என்றும் சொல்வார். “அதெல்லாம் பாத்துக்கலாம் தம்பி” என்று மட்டும் சொல்பவரை விட்டுவிட்டு, அடுத்த வீட்டைத் தேடுவது நல்லது.

தாள்களும் அனுமதிகளும்

கடலுக்குச் செல்லும் படகின் பக்கத்தில் பதிவு எண் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்; தமிழ்நாட்டுப் படகாயின் ‘ஐஎன்டி-டிஎன்’ என்றும், காரைக்கால் படகாயின் ‘ஐஎன்டி-பிஒய்’ என்றும் அது தொடங்கும். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது என்பதால், தரங்கம்பாடிக்கும் நாகைக்கும் இடையே போட்டி எல்லை விரிந்தால் இரண்டு நிர்வாகங்களின் அனுமதியும் தேவைப்படும். பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம், காப்பீடு, ஓட்டுநரின் அடையாள அட்டை ஆகியவற்றை நேரில் பாருங்கள். இங்கே ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். மீன்பிடிப் படகின் உரிமம் மீன்பிடிப்பதற்காகத் தரப்படுவது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் செல்ல அது அனுமதியாகாது. போட்டியாளர்களை ஏற்றுவதற்கு மீன்வளத் துறையிடமும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திடமும் அமைப்பாளர் முன்கூட்டியே எழுத்து வழியாக அனுமதி பெறாவிட்டால், விபத்து நேரும்போது காப்பீடு உதவாமல் போகலாம். ஆற்றில் எஞ்சின் பொருத்திய படகு, மீன்பிடிப் படகாகப் பதிவாகாததாயின், 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டத்தின்கீழ் பதிவும் ஆய்வும் பெற்றிருக்க வேண்டும்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலும் கோடியக்கரைச் சரணாலயத்திலும் வனத்துறையின் அனுமதி இல்லாமல் படகை இறக்கவே கூடாது. இரண்டும் 2002இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் வருகின்றன. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே கடற்புல் படுகையின்மேல் நங்கூரம் போடுவதும் எஞ்சினை வேகமாக ஓட்டுவதும் கடற்பசுவின் மேய்ச்சல் நிலத்தையே அழிப்பதாகும். கோடியக்கரைக்குத் தெற்கே செல்வோர் இலங்கையுடனான கடல் எல்லைக் கோட்டை நினைவில் கொள்ள வேண்டும். 1974, 1976 ஒப்பந்தங்களால் வரையறுக்கப்பட்ட அந்தக் கோடு நீரில் கண்ணுக்குத் தெரியாது. போட்டி எல்லையை அதற்கு வெகு முன்பாகவே அமைப்பாளர் நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் அந்தப் போட்டியில் கலந்துகொள்ள வேண்டாம்.

படகைப் பார்க்கும் முறை

படகைப் பேசி முடிப்பதற்கு முன், பகல் வெளிச்சத்தில், கரையில் ஏற்றிவைத்த நிலையில் ஒரு முறை பாருங்கள். எஞ்சின் மாட்டியிருக்கும் பின்பலகையிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் ஃபைபர் படகில் முதலில் தளர்வது அதுதான். எஞ்சினின் அடிப்பகுதியை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தால், எஞ்சின் மட்டும் அசைய வேண்டும். பலகையும் சேர்ந்து வளைந்தால் உள்ளே இருக்கும் மரம் நீர் குடித்து இற்றுப்போயிருக்கிறது என்று பொருள். பின்பு விரல் முட்டியால் பலகை முழுவதும் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்று ஒலிக்கும், ஊறிய இடத்தில் ஒலி மங்கும். போல்ட்டுகளைச் சுற்றி நட்சத்திரம் போல் விரியும் கீறல்கள் இருந்தால் அது பழுதின் அடையாளம். அடிப்பகுதியில் மணலில் உரசி உரசி இழை வெளியே தெரிகிறதா, வடிகால் துளையின் அடைப்பு இறுகப் பொருந்துகிறதா, அதற்கு மாற்று அடைப்பு ஒன்று படகில் இருக்கிறதா என்பவற்றையும் பாருங்கள்.

அடுத்ததாக எஞ்சின். பெட்ரோல் எஞ்சினாக இருந்தால் எரிபொருள் குழாயின் நடுவே உள்ள ரப்பர் குமிழை அழுத்தும்போது அது படிப்படியாக இறுக வேண்டும். இறுகாவிட்டால் எங்கோ காற்று நுழைகிறது. ஓடவிட்ட சில நொடிகளில் பின்புறச் சிறு துளையிலிருந்து குளிர்விக்கும் நீர் தடையின்றிப் பீய்ச்ச வேண்டும். நீண்ட தண்டு கொண்ட டீசல் எஞ்சினாக இருந்தால், அது சுழலும் ஆணியில் ஆட்டம் இருக்கிறதா, பெல்ட்டும் சக்கரமும் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். போட்டியாளரின் தூண்டில் நரம்பும் வேட்டி முனையும் அதில் சிக்குவது நடக்கக்கூடியதே. ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினைத் தானே நிறுத்தும் கயிறு வெளிப்பொருத்து எஞ்சினில் இருக்கும். பெரும்பாலான படகுகளில் அது எங்கோ மூலையில் முடிச்சுப் போட்டுக் கிடக்கும். அதை எடுத்து ஓட்டுநரின் மணிக்கட்டில் மாட்டச் செய்து, ஒரு முறை இழுத்து எஞ்சின் நிற்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

படகில் இருக்க வேண்டிய பொருள்களில் நங்கூரமும் கயிறும் முக்கியமானவை. ஆழத்தைப் போல் குறைந்தது 5 மடங்கு கயிறு விட்டால்தான் நங்கூரம் பிடிக்கும்; காற்று கூடினால் 7 மடங்கு வேண்டும். நங்கூரத்தை எப்போதும் படகின் முன்முனையான அணியத்திலிருந்தே போட வேண்டும். பின்முனையான அமரத்தில் கட்டினால், அலை பின்பலகைக்கு மேலாக ஏறிப் படகை நிரப்பிவிடும். இரண்டு துடுப்புகள், நீர் இறைக்கும் வாளி, விசில், நீர் புகாத டார்ச், முதலுதவிப் பெட்டி, ஆளுக்கு 3 லிட்டர் குடிநீர், நீர் புகாத உறையில் போட்ட கைப்பேசி ஆகியவை இல்லாமல் கிளம்ப வேண்டாம். எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு தொடாமல் வைப்பதற்கு என்று கணக்கிடுங்கள்.

லைஃப் ஜாக்கெட் பற்றி விட்டுக்கொடுக்க இடமில்லை. படகில் ஏறுவதற்கு முன் அணிந்து, கரையில் இறங்கிய பின்பே கழற்ற வேண்டும். கடலில் பிறந்து வளர்ந்த படகுக்காரர் அதை அணியாமலிருந்தால், அன்போடு வற்புறுத்தி அவரையும் அணியச் செய்யுங்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோது படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். தூண்டில் படகிலும் இதே ஆபத்து உண்டு: பெரிய மீன் மாட்டியவுடன் எல்லோரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். மீனை இழுப்பவர் ஒருவர், கைவலை ஏந்துபவர் ஒருவர், மற்றவர்கள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதைக் கரையிலேயே சொல்லிவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

நீரில் வழிவிடும் விதிகள்

கலங்கள் மோதாமல் தடுப்பதற்கான 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகள் கடலிலும், கடல் கலங்கள் செல்லக்கூடிய அதனோடு இணைந்த நீர்வழிகளிலும் எல்லாக் கலங்களுக்கும் பொருந்தும். உள்ளாற்றிலும் அவற்றையே பின்பற்றுவது நல்ல வழக்கம். சாலையில் இடப்பக்கம் செல்லப் பழகிய நமக்கு முதலில் மாற்றிக்கொள்ள வேண்டியது இதுதான்: நீரில் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். எஞ்சின் படகுகள் இரண்டு நேருக்கு நேர் வந்தால் இரண்டும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுகிய கால்வாயிலும் முகத்துவாரத்திலும் படகுக்கு வலப்பக்கம் உள்ள கரையை ஒட்டியே செல்ல வேண்டும். இரண்டு எஞ்சின் படகுகள் ஒன்றையொன்று குறுக்கிடும்போது, எந்தப் படகுக்கு மற்றது வலப்புறத்தில் தெரிகிறதோ அந்தப் படகுதான் வழிவிட வேண்டும். வழிவிடும்போதும் முன்னால் குறுக்கே பாயாமல், வேகம் குறைத்தோ பின்புறமாகச் சுற்றியோ போக வேண்டும். முந்துகிற படகு, முந்தப்படும் படகைவிட்டு முற்றிலும் விலகிச் செல்லும் பொறுப்பைத் தானே ஏற்க வேண்டும். ஒரு குறுகிய ஒலி வலப்பக்கம் திரும்புகிறேன் என்பதையும், இரண்டு இடப்பக்கம் என்பதையும், மூன்று எஞ்சினைப் பின்னோக்கி இயக்குகிறேன் என்பதையும், ஐந்து உங்கள் எண்ணம் புரியவில்லை என்பதையும் குறிக்கும்.

தூண்டில்காரர்கள் தவறாகப் புரிந்துகொள்ளும் விதி ஒன்று உண்டு. வலையோ நீளத் தூண்டில் கயிறோ விட்டு, அதனால் திரும்ப இயலாத நிலையில் இருக்கும் மீன்பிடிக் கலத்துக்கு எஞ்சின் படகு வழிவிட வேண்டும் என்பது உண்மை. ஆனால் ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துச் செல்லும் டிரோலிங் முறை இந்தச் சலுகைக்குள் வராது என்று விதியே சொல்கிறது. ஆகவே நான்கு தூண்டில் கழிகளை நிறுத்தி வைத்துக்கொண்டு ஓடும் போட்டிப் படகு, மற்ற எஞ்சின் படகுகளைப் போலவே வழிவிட வேண்டும். பாய் விரித்து வரும் வள்ளத்துக்கும், வலை இழுக்கும் படகுக்கும் நாம்தான் ஒதுங்க வேண்டும்.

போட்டிகள் பெரும்பாலும் விடியலுக்கு முன்பே தொடங்குவதால் விளக்குகள் முக்கியம். 7 மீட்டருக்குக் குறைவான நீளமும் மணிக்கு 7 கடல் மைலுக்கு மேற்படாத வேகமும் கொண்ட படகுக்கு எல்லாத் திசையிலும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு போதும். அதைவிட நீளமான அல்லது விரைவான ஃபைபர் படகுக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை விளக்குகளும் அவற்றோடு வெள்ளை விளக்கும் வேண்டும். துடுப்புத் தோணியில் டார்ச் ஒன்று கையில் தயாராக இருக்க வேண்டும். எதிரே மேலே சிவப்பும் கீழே வெள்ளையும் தெரிந்தால் வலை விட்ட படகு என்றும், மேலே பச்சையும் கீழே வெள்ளையும் தெரிந்தால் இழுவலைப் படகு என்றும் அறிந்துகொள்ளுங்கள்.

நாகைக் கரையில் வலையின் இரு முனைகளிலும் தெர்மக்கோல் மிதவையில் மூங்கில் நட்டுக் கொடி கட்டியிருப்பார்கள். ஒரு கொடி தெரிந்தால் மற்றொன்று எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை எஞ்சின் வேகத்தைக் குறைத்து நில்லுங்கள். கொடிகளுக்கு இடையே கடக்காதீர்கள். முகத்துவாரங்களில் குச்சி நட்டுக் கட்டிய வலைகளும் உண்டு. உங்கள் தூண்டில் வலையில் மாட்டினால் உங்கள் நரம்பைத்தான் அறுக்க வேண்டும், வலையின் ஒரு கண்ணைக்கூட அறுக்கக் கூடாது. போட்டி நமக்கு ஒரு நாள் மகிழ்ச்சி. அந்த வலை அவர்களுக்குச் சோறு.

முகத்துவாரத்தைக் கடப்பது

இந்தப் பகுதியில் படகுகள் அதிகம் கவிழும் இடம் ஆற்று வாய்தான். ஆற்று நீர் வெளியே பாய்வதும், கடலலை உள்ளே வருவதும் மணல் திட்டின்மேல் சந்திக்கும்போது அலை செங்குத்தாக எழும். நாகைக் கரையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைத் தாண்டாது என்றாலும், திட்டின்மேல் உள்ள ஆழமே அவ்வளவுதான் என்பதால் அந்தச் சிறு வேறுபாடு படகின் அடி தட்டுவதையும் தப்புவதையும் தீர்மானிக்கும். கடல்நீர் ஏறும் நேரத்தில், திட்டின்மேல் ஆழம் கூடிவரும்போது கடப்பது எளிது. வற்றும் நேரத்தில், அதுவும் மழைக்குப் பின் ஆறு பெருகியிருக்கும்போது, வெளியே போவது எளிதாகத் தோன்றும், திரும்பி வருவதுதான் ஆபத்து.

வெளியே போகும் முன் வாய்க்கு உட்புறத்தில் படகை நிறுத்தி அலைகளைப் பார்த்துக்கொண்டிருப்பது அனுபவமுள்ள படகுக்காரரின் வழக்கம். பெரிய அலைகள் கூட்டமாக வந்து சென்றபின் சிறிது அமைதி வரும். அந்த இடைவெளியில் அணியத்தை அலைக்கு நேராக வைத்து, நிற்காமல், பாதியில் திரும்ப நினைக்காமல் கடந்துவிடுவார். திரும்பி வரும்போது ஒரு அலையின் முதுகில் ஏறி, அதன் முகட்டைத் தாண்டாமல், அதே வேகத்தில் உள்ளே வருவார். இந்த நேரத்தில் போட்டியாளர் செய்ய வேண்டியது ஒன்றே: கழிகளைப் படுக்க வைத்து, தாழ உட்கார்ந்து, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, பேசாமல் இருக்க வேண்டும். “தம்பி, இன்னிக்கு வாயத் தாண்ட வேணாம்” என்று அவர் சொன்னால் அதற்கு மேல் வாதமில்லை. எடை போடும் நேரம் தவறினாலும், பரிசு போனாலும், நீரில் முடிவெடுக்கும் உரிமை படகுக்காரருடையது என்பதை நான் எந்தப் போட்டியிலும் மாற்றமில்லாத விதியாகக் கருதுகிறேன்.

காற்றைப் பற்றியும் ஒன்று. மேற்கே இருந்து கச்சான் காற்று வீசும் நாளில் கரையோரக் கடல் தட்டையாக, அழைப்பதுபோல் இருக்கும். ஆனால் அந்தக் காற்று படகை வெளியே தள்ளுகிறது. எஞ்சின் நின்றால் துடுப்பால் கரை சேர முடியாது. கிழக்கே இருந்து வீசும் கொண்டலில் கரையோரம் அலை கூடும், ஆனால் படகு கரைப்பக்கம்தான் ஒதுங்கும். நாகைத் துறைமுகத்தில் எந்த எண் புயல் கூண்டு ஏற்றப்பட்டிருந்தாலும் சிறு படகில் தூண்டில் போட்டிக்குப் போக வேண்டாம். கடல் நிலையைக் கணிக்கும் இந்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்பை முந்தைய இரவும் விடியலிலும் பாருங்கள். இடி கேட்டால் கழிகளைப் படுக்க வைத்துவிட்டுக் கரை திரும்புங்கள். கார்பன் இழைக் கழி மின்சாரத்தைக் கடத்தக்கூடியது. படகு கவிழ்ந்தால் படகைப் பிடித்துக்கொண்டே இருங்கள், கரை அருகில் தெரிந்தாலும் நீந்திப் போக முயல வேண்டாம். கடலோரக் காவல்படையின் மீட்பு எண் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் எண் 1093. விஎச்எஃப் வானொலித் தொடர்புக் கருவி இருந்தால் 16ஆம் அலைவரிசையில் அழைக்கலாம்.

ஆற்றிலும் கால்வாயிலும்

ஆற்றில் அலை இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று எண்ணக் கூடாது. மதகுகளுக்கும் நீரொழுங்கிகளுக்கும் கீழே விழும் நீர், அடியில் சுழன்று மீண்டும் சுவரை நோக்கியே இழுக்கும். எஞ்சின் நின்ற படகு அதில் அகப்பட்டால் வெளியே வராது. மேலும் கீழும் 100 மீட்டராவது விலகி நில்லுங்கள். மேட்டூரிலிருந்து உபரி நீர் திறந்தால் கொள்ளிடம் மிக வேகமாகப் பெருகும். 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையின் 9 மதகுகள் உடைந்ததும் அத்தகைய பெருக்கின்போதுதான். நீர்வளத் துறையின் வெள்ள எச்சரிக்கை வந்திருக்கும் நாளில் கொள்ளிடத்தில் படகு இறக்க வேண்டாம். கொள்ளிடத்தில் அணைக்கரைப் பகுதியில் முதலைகள் உண்டு. மீனைக் கழுவுவதற்கும் திரும்ப விடுவதற்கும் கையை நீரில் நெடுநேரம் வைத்திருக்காதீர்கள், இடுப்பளவு நீரில் இறங்கித் தூண்டில் வீசாதீர்கள்.

கால்வாய்களின் குறுக்கே தாழத் தொங்கும் மின்கம்பிகள் இந்தப் பகுதியின் தனி ஆபத்து. பாலத்தையும் கம்பியையும் நெருங்கும் முன் எல்லாக் கழிகளையும் படுக்க வைக்க வேண்டும். வெங்காயத்தாமரை அடர்ந்த இடத்தில் எஞ்சினை நிறுத்தித் தூக்கிவிட்டுக் கழி ஊன்றிச் செல்லுங்கள். இல்லாவிட்டால் விசிறியில் வேர் சுற்றிக்கொண்டு எஞ்சின் சூடேறும். படித்துறையில் குளிப்போர், துவைப்போர், ஆற்றைக் கடக்கும் மாடுகள் ஆகியோரைக் கண்டால் நடக்கும் வேகத்துக்கு இறங்குங்கள். படகின் பின்னே எழும் அலை ஒரு குழந்தையை வழுக்கி விழச் செய்யவும், மண்கரையை அரிக்கவும் போதுமானது. ஆடிப்பெருக்கு நாளில் காவிரியில் போட்டி வைப்பதையே அமைப்பாளர்கள் தவிர்க்க வேண்டும்.

போட்டி நாளில்

கிளம்பும் முன் அமைப்பாளர் கூட்டும் கூட்டத்தில் படகுக்காரரையும் உட்கார வையுங்கள். எல்லை, தொடங்கும் வரிசை, கரை திரும்ப வேண்டிய நேரம், தாமதத்துக்குக் கழியும் புள்ளி, மற்றொரு போட்டிப் படகிலிருந்து விட வேண்டிய தூரம் ஆகியவை பெரும்பாலும் போட்டியாளரிடம் மட்டுமே சொல்லப்படுகின்றன. ஓட்டுபவருக்கு அவை தெரியாததால் புள்ளி இழந்தவர்கள் உண்டு. தொடக்க ஒலி கேட்டவுடன் எல்லாப் படகுகளும் ஒரே நேரத்தில் பாயும் முறையைவிட, எண் வரிசையில் இடைவெளி விட்டு அனுப்பும் முறையே பாதுகாப்பானது. அமைப்பாளரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். யார் யார் எந்தப் படகில் போனார்கள் என்ற பட்டியல் கரையில் இருக்க வேண்டும். வீட்டிலும் ஒருவரிடம் திரும்பும் நேரத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

பிடித்துத் திரும்ப விடும் போட்டியாயின், முள்வாய் மழுங்கிய கொக்கியையே பயன்படுத்துங்கள். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொண்டு, நீருக்கு வெளியே வைத்திருக்கும் நேரத்தைக் குறைத்து, அளவுகோலோடு ஒரு படம் எடுத்தவுடன் விட்டுவிடுங்கள். மயங்கிய மீனின் தலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடித்தால், செவுளில் நீர் ஓடித் தானே தெளிந்து நீந்தும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் கரையோரம் வரும் காலம். ஆமை மாட்டினால் கயிற்றைப் பிடித்துத் தூக்காமல், கைவலையால் தாங்கி, கொக்கியை எடுக்க முடியாவிட்டால் அதை ஒட்டி நரம்பை வெட்டி விடுங்கள். ஆமை, கடற்பசு, வேளா மீன், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. படகில் ஏற்றுவதே குற்றம்.

கரை திரும்பியவுடன் எடை போடும் மேசைக்கு ஓடுவதற்கு முன், படகை மேலேற்றக் கை கொடுங்கள். கடல் நீரில் ஓடிய எஞ்சினை நல்ல நீரில் சில நிமிடங்கள் ஓடவிட்டு உப்பைக் கழுவ வேண்டும். அந்த நீரைக் கொண்டுவருவது அமர்த்தியவரின் கடமை. படகில் விழுந்த நரம்புத் துண்டுகளையும் கொக்கிகளையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள், மறுநாள் அதே தளத்தில் வெறுங்காலோடு நின்றுதான் அவர்கள் வலை இழுக்கப் போகிறார்கள். பேசிய தொகையைப் பரிசு முடிவுக்குக் காத்திராமல் அங்கேயே கொடுத்து, சேதம் ஏதும் இருந்தால் அதையும் அப்போதே பார்த்துத் தீர்த்துக்கொள்ளுங்கள்.